எந்தக் கொப்பு?

"தீனி தானா வந்தா, முதல்ல மேலே… மேலே…"

கிழட்டு வான்கோழி சொன்னதில் சேவலுக்கு நினைவிருந்தது இவ்வளவுதான். வான்கோழி எதைச் சொன்னாலும் பாதியைத் தொண்டைக்குள் உருட்டி விழுங்கிவிடும். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. போன மழைக்காலத்தில் அது காணாமல் போய்விட்டது.

சேவலும் செவலை, கருப்பி, புள்ளி என்ற மூன்று கோழிகளும் காட்டை ஒட்டிய ஒரு கொல்லையில் வாழ்ந்தன. பொழுது சாய்ந்ததும் பூவரச மரத்தில் ஏறி, உச்சிக் கொப்பில் அடைந்துகொள்ளும். வீட்டுக்காரி சிட்டம்மா காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை கம்பு போடுவாள். அவ்வப்போது ஒவ்வொன்றாகப் பிடித்து நெஞ்செலும்பைத் தடவிப் பார்ப்பாள். "எலும்பு விரலுக்குத் தட்டணும். ஆனா குத்தக் கூடாது. கொழுத்துட்டா முட்டை நின்னுடும்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஒரு மாலை, அவள் உள்ளே போன பிறகு, பின்சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பா… பா… பா…"

சுவரின் அடியில் மழைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டை ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கொல்லைப் பக்கம் மக்காச்சோளமும் நிலக்கடலையும் குவிந்து கிடந்தன. ஆளைக் காணோம்.

"யாரு அது?" என்றது சேவல். அந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"யாரா இருந்தா என்ன? சாப்பிடுங்க கண்ணுகளா!"

கோழிகள் பாய்ந்து கொத்தின. சேவலும் கொத்தியது. குவியல் தீர்ந்ததும் குரல் மெல்லக் கேட்டது. "இன்னைக்கு எந்தக் கொப்புல படுப்பீங்க?"

"உச்சிக் கொப்பு!" என்று கத்தியது செவலைக் கோழி.

"நல்லது" என்றது குரல்.

அதன் பிறகு தினமும் அதே தீனி. அதே கேள்வி. கொஞ்ச நாளில் பதில் மட்டும் மாறியது. உச்சிக் கொப்பு நடுக் கொப்பானது. நடுக் கொப்பு அடிக் கொப்பானது. ஒவ்வொரு தடவையும் அந்தக் குரல் "நல்லது" என்றது.

சிட்டம்மா செவலையைத் தூக்கிப் பார்த்துத் திகைத்தாள். "என்னடி இது, எலும்பே தட்டுப்படலை! முட்டையையும் காணோம்!" அன்றிலிருந்து ஒரு கை கம்பு அரைக் கையானது.

"கஞ்சப் பொம்பளை!" என்று சீறியது கருப்பி.

"சுவத்துக்கு அந்தாண்ட இருக்கிறவங்கதான் மனசுள்ளவங்க" என்றது புள்ளி.

அடுத்த மாலை செவலையால் அடிக் கொப்புக்கும் ஏற முடியவில்லை. எம்பியது. தொப்பென்று விழுந்தது. மற்றவை சிரித்தன.

"செவலைக் கண்ணு, நீ எந்தக் கொப்பு?" என்று கேட்டது குரல்.

"கொப்பு யாருக்கு வேணும்? துணி துவைக்கிற கல்லுதான் என் மெத்தை!"

"ரொம்ப நல்லது" என்றது குரல்.

விடிந்தபோது கல்லின் மேல் ஒரு சிவப்பு இறகு ஒட்டியிருந்தது. செவலையைக் காணோம்.

அன்று மாலையும் சுவருக்கு அப்பால் அழைப்பு கேட்டது. ஆனால் இந்த முறை அது செவலையின் குரல்!

"கருப்பி! புள்ளி! ஓட்டை வழியா இந்தப் பக்கம் வாங்கடி! இங்க யாரும் நெஞ்சைத் தடவிப் பாக்கிறதில்லை!"

கருப்பி ஓடப் பார்த்தது. சேவல் குறுக்கே நின்று மறித்தது. அப்போது ஓட்டைக்குள்ளிருந்து ஒரு பெருச்சாளி சோளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது.

"யாருக்காகடா சுமக்கிறே?" என்று அதட்டியது சேவல்.

"கத்தாதீங்கண்ணே! நொண்டி நரி ஒண்ணு இருக்கு. அதால தாவ முடியாது, துரத்தவும் முடியாது. அதான் உங்களைக் கொழுக்க வெச்சுத் தரைக்கு இறக்குது. நான் தீனி கொண்டு வரலேன்னா என் குட்டிங்களைத் தின்னுடும்."

"செவலை பேசுதே?"

பெருச்சாளி தலையைக் குனிந்துகொண்டது. "எதைத் தின்னாலும் அதோட குரல் அந்த நரிக்கு வந்துடுதுண்ணே."

சேவலுக்குச் சிறகெல்லாம் சிலிர்த்தது. முதல் நாள் கேட்ட குரல் யாருடையது என்று இப்போது புரிந்தது. அது சுவரைப் பார்த்து உரக்கக் கேட்டது.

"வான்கோழித் தாத்தா! அன்னைக்குச் சொன்னியே, அதோட மீதி என்ன?"

சுவருக்கு அப்பால் ஒரு தொண்டை, தன்னை அடக்க முடியாமல், உருட்டிக்கொண்டு பேசியது.

"முதல்ல மேலே ஏறிப் பாரு… ஏற முடியலேன்னா… தின்னாதே…"

உடனே நரியின் சொந்த உறுமல் கேட்டது. ஓட்டையில் இரண்டு கண்கள் மின்னின.

"கல்லு மேல ஏறு! அங்கிருந்து சுவரு! சுவத்துலேர்ந்து கொப்பு!" என்று கூவியது சேவல். புள்ளி ஏறியது. கருப்பி பாதியில் சறுக்க, சேவல் தலையால் முட்டி அதை மேலே தள்ளியது. கடைசியில் தான் எம்பும்போதுதான் தன் உடம்பின் கனம் அதற்குத் தெரிந்தது. ஓட்டை வழியே நுழைந்த நரியின் பல் அதன் வாலைக் கவ்வியது. மூன்று இறகுகளைக் கொடுத்துவிட்டுச் சேவல் அடிக் கொப்பைப் பிடித்தது.

நரி ஒரு காலை இழுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சுற்றுக்குச் செவலையாக அழுதது. மறு சுற்றுக்கு வான்கோழியாக இருமியது. யாரும் இறங்கவில்லை.

மறுநாள் மாலை சிட்டம்மாவின் அரைக் கைக் கம்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. சுவரோரம் நிலக்கடலை முன்னைவிடப் பெரிதாகக் குவிந்து கிடந்தது.

"பசிக்குதேண்ணே" என்றது கருப்பி.

"எந்தக் கொப்பு, கண்ணுகளா?" என்றது செவலையின் குரல்.

ஊட்டுகிறவர் எதற்காக நம் கனத்தைப் பார்க்கிறார் என்று தெரியாதவரை, எவ்வளவு பசித்தாலும் எந்தத் தீனியிலும் அலகு வைப்பதில்லை என்று சேவல் முடிவு செய்தது.