கன்னி மூலைப் புல்

மடத்துத் தோட்டத்தில் மூன்று மழைக்காலமாக யாரும் கை வைக்கவில்லை. புல் இடுப்பளவு வளர்ந்து, மேலே கொடி படர்ந்து, உள்ளே தரை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் மூடிக் கிடந்தது. அதற்குள் எங்கோ ஒரு மொட்டைக் கிணறு இருந்தது. கைப்பிடிச் சுவர் இல்லை, மேடு இல்லை, தரையோடு தரையாக வாய் திறந்து கிடக்கிற கிணறு. எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர், தோட்டத்தை மடத்துக்கு எழுதிவைத்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாளை மறுநாள் குருபூஜை. சுற்றுவட்டாரத்துச் சனமெல்லாம் குழந்தை குட்டிகளோடு வரும். பந்தி போட அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

மடத்துக்குத் தலைவி விசாலாட்சி அம்மாள். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. அவருடைய சீடர் குழந்தைவேலு மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். காலமெல்லாம் ஊராருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, வீடே வேண்டாம் என்று மடத்துக்கு வந்தவர். வந்த பிறகும், யாராவது சுவரில் ஆணி அடித்தால் பக்கத்தில் போய் நின்று திருத்துவார். அந்த ஒன்றை மட்டும் அவரால் துறக்க முடியவில்லை.

காலையில் இரண்டு புல் வெட்டும் மெஷின்களை வாடகைக்குப் பிடித்து ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று சக்கரம் வைத்துத் தள்ளுவது. இன்னொன்று தோளில் மாட்டிக்கொள்கிற பெட்ரோல் மெஷின். புல் அறுக்கிற கருக்கரிவாள் இரண்டு மடத்திலேயே இருந்தன.

"எதை வெச்சு வெட்டலாம்னு நீங்கதான் சொல்லணுங்கம்மா," என்றார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க மேஸ்திரி?"

"தள்ற மெஷின் சரிப்படாதுங்க. அது குட்டைப் புல்லுக்கு. இதுல நாலடி போறதுக்குள்ள சிக்கி நின்னுக்கும். தோள் மெஷின்ல நைலான் கயிறு போட்டா கொடி சுத்திக்கும். பிளேடு மாட்டிட்டா மத்தியானத்துக்குள்ள மொத்தமும் படுத்துரும்."

"கிணறு?"

"அதையும் யோசிச்சுட்டனுங்க. ஈசானி மூலையில மட்டும் மெஷின் போடமாட்டேன். அங்க உக்காந்து அரிவாள்லதான் அறுப்பேன்."

"ஏன் ஈசானி மூலையில மட்டும்?"

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிணறு வேற எங்கங்கம்மா இருக்கும்? என் கையால மூலை பார்த்துக் குறிச்சுக் கொடுத்த கிணறு அத்தனையும் ஈசானிதானுங்க."

அம்மாள் இரண்டு அரிவாளையும் எடுத்துக்கொண்டு தோட்டத்தின் படலைத் திறந்தார். படல் இருந்தது தென்மேற்கில், கன்னி மூலையில், வடகிழக்கு ஈசானிக்கு நேர் எதிரே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு பிடி புல்லைப் பிடித்து அறுத்தார். அறுத்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்த பிடிக்குப் போனார்.

மேஸ்திரி பின்னாலேயே வந்து நின்றார்.

"அம்மா, இங்க கிணறு இல்லீங்க."

"சரிங்க."

அடுத்த பிடி.

வெயில் ஏறியது. அம்மாள் ஒரு பாய் விரிக்கிற அளவுகூட அறுக்கவில்லை. மேஸ்திரி கணக்குப் போட்டார். இப்படி அறுத்தால் குருபூஜை முடிந்து கூட்டம் கலைந்தாலும் புல் நிற்கும். பந்திக்கு வந்த பிள்ளைகள் புல்லுக்குள் ஓடும். யாருக்கு இந்த அம்மாள் பாடம் நடத்துகிறார்?

மெஷினைத் தோளில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். அது அலறிக்கொண்டு கிளம்பியது. பிளேடு சுற்றுவது கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் ஓட்டக் கூடாது, கல் தெறிக்கும் என்று கடைக்காரன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சத்தம் கேட்டால் எழுந்துவிடுவார் என்றுதான் மேஸ்திரி நினைத்தார்.

அம்மாள் எழுந்திருக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேஸ்திரி இரண்டடி முன்னால் போனார். பிளேடுக்கும் அம்மாளின் முதுகுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற தூரம்தான் இருந்தது. மெஷினை அணைத்தார்.

"ஏதாச்சும் ஆயிருந்தா என்னங்கம்மா பண்றது?" குரல் உயர்ந்துவிட்டது. "கன்னி மூலையில பள்ளம் தோண்டுனா குடும்பம் விளங்காதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். புத்தி உள்ளவன் எவனும் இங்க கிணறு வெட்டமாட்டான்."

"உங்களுக்கு நிச்சயமாத் தெரியும்."

"நிச்சயமாத் தெரியுமுங்க."

அம்மாள் கொஞ்சம் விலகி, அறுக்காத புல்லை அரிவாளால் காட்டினார்.

"அப்ப மெஷினைக் கீழ வெச்சிட்டு, நீங்க மட்டும் இப்படியே உள்ள நடந்து போயிட்டு வாங்க."

மேஸ்திரி மெஷினைக் கழற்றி வைத்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். புல்லின் ஓரத்துக்கு வந்து வலது காலைத் தூக்கினார்.

புல் அசையாமல் நின்றது. ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை.

தூக்கிய காலை, அறுத்த தரையிலேயே திரும்ப வைத்தார். மறுபடி தூக்கினார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. எத்தனை வீட்டுக்கு மூலை பார்த்துச் சொன்ன மனிதர். கால் போகமாட்டேன் என்றது. அவருக்கு அவமானமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

அம்மாள் இன்னொரு அரிவாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

மேஸ்திரி உட்கார்ந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அறுத்துக்கொண்டு போனார்கள். பிடிப்பது, அறுப்பது, தரையை அழுத்திப் பார்ப்பது. படல் பின்னால் தள்ளிப் போனது. மேஸ்திரிக்கு மெல்ல மெல்லத் தைரியம் வந்தது. இங்கே ஒன்றுமில்லை, நான் சொன்னதுதான் சரி என்று மனசுக்குள் ஒரு குரல் பழையபடி தலை தூக்கியது. கையை வேகமாக்கினார்.

ஒரு பிடியைப் பிடித்து அறுத்தார். உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

கை உள்ளே போயிற்று.

முழங்கை வரை போயிற்று. தோள் வரை போயிற்று. முகத்தில் குளிர்ந்த காற்று அடித்தது. மண்கட்டி ஒன்று பெயர்ந்து விழுந்தது. வெகு நேரம் கழித்து, ஆழத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"அசையாதீங்க," என்றார் அம்மாள். அவருடைய இரண்டு கைகளும் மேஸ்திரியின் இடுப்புத் துண்டை இறுகப் பிடித்திருந்தன. "மெதுவாப் பின்னால வாங்க. கால முதல்ல."

மேஸ்திரி தவழ்ந்து பின்னால் வந்தார். அறுத்த தரையில் மல்லாந்து விழுந்தார். அழுகை வந்தது, அழுதார். அம்மாள் எழுந்து போய் நான்கு குச்சிகளைக் கொண்டுவந்து, கிணற்று வாயைச் சுற்றி ஊன்றிக் கயிறு கட்டும் வரை அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

பிறகு எழுந்து உட்கார்ந்தார். கிணற்றைப் பார்த்தார். வெயிலில் சும்மா கிடந்த மெஷினைப் பார்த்தார்.

"அம்மா, கிணறு இந்தப் பக்கந்தான்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

அம்மாள் கயிற்றின் கடைசி முடிச்சை இறுக்கினார்.

"தெரிஞ்சிருந்தா மெஷினையே போடச் சொல்லியிருப்பேனே மேஸ்திரி."