இருபத்து நான்கு கிராம் நோயாளி

வேதமுத்து டாக்டருக்கு மதுரையில் பெரிய பேர். இருபத்தாறு வருடமாக முதுகெலும்பு ஆபரேஷன். நகர்ந்துபோன எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அவர் நடக்க வைத்தவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். அப்பேர்ப்பட்டவரை ஒரு சுண்டெலி காலை வாரிவிட்டது.

எலும்பு சீக்கிரம் ஒட்டுவதற்கு ஒரு புது மருந்து. அதை முதலில் எலியின் முதுகில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று எலிகளுக்குச் செய்தார். மூன்றும் அன்றைக்கே செத்தன. மூன்றாவதற்கு அவர் அழுதார் என்று சொன்னால் அவருடைய ஆஸ்பத்திரியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

ஆய்வகத்தில் எலிகளுக்கு ஆபரேஷன் செய்யும் ஹசீனாவிடம் போய் நின்றார். அவருடைய மகளைவிட இளையவள்.

"என் கையில என்ன தப்புன்னு பார்த்துச் சொல்லும்மா. இதுவும் போச்சுன்னா இனிமே எலியைத் தொட மாட்டேன்."

"செய்ங்க டாக்டர். பார்க்கிறேன்."

மயங்கிக் கிடந்த நாலாவது எலியின் முதுகில் விரல்நக அகலத்துக்குக் கீறினார். தசையை விலக்கினார். இரண்டு எலும்புகளின் ஓரத்தையும் லேசாகச் சுரண்டி, மருந்தை வைத்துத் தைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"எங்கே தப்பு?"

"கையில ஒரு தப்பும் இல்ல."

"அப்புறம் ஏன் சாகுது?"

ஹசீனா அவர் விரலைப் பிடித்து எலியின் வயிற்றில் வைத்தாள்.

"சில்லுன்னு இருக்கே!"

"ஏசி உங்களுக்குச் சுகம். இது இருபத்து நாலு கிராம், டாக்டர். மயக்கம் தெளியறதுக்குள்ள விறைச்சுப்போகும்." எலியை வெதுவெதுப்பான மெத்தையில் கிடத்தினாள். "எழுந்து நடக்கிற வரைக்கும் யாராவது பக்கத்துலயே இருக்கணும். மூச்சு பார்க்கணும், வலி பார்க்கணும்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தையல் போட்டதும் கிளம்பிவிடுவது அவர் வழக்கம்.

"எனக்கு ஓ.பி. இருக்கும்மா. எங்க ஆஸ்பத்திரியில இதெல்லாம் நர்ஸும் வீட்டு ஆளுங்களும் பார்த்துப்பாங்க."

ஹசீனா கதவைத் திறந்து, வார்டு நர்ஸ் கூப்பிடுவது போலவே வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பேஷன்ட்டோட கூட வந்தவங்க யாருங்க?"

வராந்தாவில் ஒருவரும் இல்லை. தினமும் அவர் காதில் விழுகிற கேள்விதான். ஒரு தடவைகூட அதற்கு அவர் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்குத் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான்மா," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.