விழாத தடை

ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் இரும்புத் தடை ஒன்று இருந்தது. தடை தாண்டும் ஓட்டத்துக்கு அந்தப் பள்ளியிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். செய்தவர் அல்லாபிச்சை பாய். அவர் அதுவரை செய்ததெல்லாம் கதவும் ஜன்னல் கம்பியும். பள்ளியின் வாசல் கதவும் அவர் கைவேலைதான். ஆடாமல் நிற்பதே நல்ல இரும்புக்கு அழகு என்பது அவர் கொள்கை. அதனால் தடைக்கு முன்னாலும் பின்னாலும் நீளமாகப் பாதம் வைத்துப் பற்றவைத்திருந்தார். மாடு வந்து உரசினாலும் விழாது.

ஒரே பட்டறையில் பிறந்தவர்கள் என்பதால் தடை அந்த வாசல் கதவை அண்ணன் என்று கூப்பிடும்.

தடைக்குத் தன்னைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. வேறு அபிப்பிராயம் சொல்ல அங்கே ஆள் இல்லாததும் ஒரு காரணம். அதிலும் பிரதீபா என்ற மாணவி ஓடிவந்தால் அதற்குத் தலைகால் புரியாது. மற்ற பிள்ளைகள் ஏதோ தாண்டினார்கள். அவளோ அதன் தலைக்கு மேல் ஒரு முழம் எழும்பிப் போனாள்.

"பாத்தியாண்ணே? என் மேல அவளுக்கு அவ்வளவு மரியாதை."

"இருக்காதா பின்னே? நம்ம குடும்பம் அசையாத குடும்பம்டா," என்றது கதவு.

ஒரு நாள் விளையாட்டு ஆசிரியை எஸ்தர் விசிலை ஊதி அவளை நிறுத்தினார்.

"நீ தாண்டலடி, மாடி ஏறுற. நீ மேல போயிட்டு வர்றதுக்குள்ள பக்கத்து லேன்காரி ஓடியே போயிருவா. நெஞ்சைத் தொடை மேல சாய்ச்சு, கம்பியை உரசுற மாதிரி போன்னு எத்தனை தடவை சொல்றது?"

"தெரியும் டீச்சர். கிட்ட வந்ததும் உடம்பு தானா மேல போயிருது."

"ஏன்?"

அவள் முழங்கால் தழும்பைக் காட்டினாள். "அன்னைக்குப் பட்டுச்சுல்ல. நான் விழுந்தேன், அது அப்படியே நின்னுச்சு. பாத்தாலே பயமா இருக்கு."

"திங்கக்கிழமை மாவட்டப் போட்டிக்குப் பேர் குடுக்கணும். இப்படியே ஏறினா உன் பேரைக் குடுக்க முடியாதும்மா."

பிரதீபா சரியாகத்தான் இருந்த ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

தடைக்குப் பற்றவைத்த இடமெல்லாம் சுட்டது. 'வணக்கம் வைக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளை உயிர் தப்பிப் போயிருக்கிறாள். இதற்கு நான் நெஞ்சை வேறு நிமிர்த்தியிருக்கிறேன். எனக்கேது நெஞ்சு? இருப்பது ஒரு குறுக்குக் கம்பி.'

டீச்சர் குனிந்து அதன் பாதங்களைப் பார்த்தார். மறுநாள் அல்லாபிச்சை பாயை வரவழைத்தார்.

"பாய், ஓடிவர்ற பக்கத்துப் பாதம் இருக்கட்டும். தாண்டி இறங்குற பக்கம் இருக்கிறதை வெட்டிருங்க."

"வெட்டினா லேசா இடிச்சாலே விழுந்துருமே!"

"விழணும் பாய். அதுக்குத்தான்."

"விழுறதுக்குன்னு ஒரு சாமானா? ஊர்ல என்னைப் பாத்துச் சிரிப்பாங்க டீச்சர்." முணுமுணுத்துக்கொண்டே இரும்பு வெட்டும் மெஷினை எடுத்தார்.

மெஷினின் கட்டிங் வீல் தடையிடம் கிசுகிசுத்தது. "தம்பி, நானும் அந்தப் பட்டறைதான். உனக்கு இஷ்டமில்லேன்னா சொல்லு. உடைஞ்ச மாதிரி நடிச்சிர்றேன். பாய்க்கும் மனசில்ல, அப்படியே மூட்டை கட்டிருவார்."

"சம்மதிக்காதேடா!" வாசலிலிருந்து கதவு கத்தியது. "அணில் மோதினாக்கூடக் குப்புற விழுவே. குடும்ப மானம் போயிரும்!"

தடை நிஜமாகவே தயங்கியது. மண்ணில் முகம் புதைத்துக் கிடக்கும் தன்னைக் கற்பனை செய்து பார்த்தது. பார்க்கச் சகிக்கவில்லை. மைதான ஓரத்தில் பிரதீபா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டுண்ணே," என்றது தடை. "என் மானத்துக்கு முட்டி கிடையாது. அவளுக்கு இருக்கு."

தீப்பொறி பறந்தது.

வேலை முடிந்ததும் டீச்சர் தடையை ஒரு விரலால் தள்ளிக் காட்டினார். அது பொத்தென்று விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பிரதீபாவும் சிரித்தாள். தியாகம் செய்தவனைப் பார்த்து இப்படியா சிரிப்பது என்று தடைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"பட்டா அது விழும். நீ நிக்காதே. ஓடு!"

முதல் தடவை எழும்பும் உயரத்தில் அரை முழம் குறைத்தாள். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த தடவை பின்னங்கால் கம்பியில் பட்டது. தடை கவிழ்ந்தது. வாயெல்லாம் மண். அவளுடைய காலடிச் சத்தம் மட்டும் தடுமாறாமல் எல்லைக்கோடு வரை போனது.

டீச்சர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தார். "பிரதீபா! உன் பேரும் மாவட்டத்துக்குப் போகுதுடி!"

"விழுந்துட்டியேடா," என்று கதவு தலையில் அடித்துக்கொண்டது. "போனவ ஒரு நிமிஷம் நின்னாளா? திரும்பியாவது பாத்தாளா?"

தடை வாயிலிருந்த மண்ணைத் துப்பியது. கோப்பை வாங்கியவன் குரலில் சொன்னது:

"திரும்பிக்கூடப் பாக்கலண்ணே!"