சபையில் கிடந்த கிழங்குச் சட்டம்

ஏரிக்கரைக் காட்டில் இரண்டு வருடமாக மழை இல்லை. புல்லெல்லாம் கருகிப்போனது. பசி தாங்காத முயல்கள் முள்ளம்பன்றியிடம் கிழங்கு கடன் கேட்டன.

"ஒன்று வாங்கினால் மூன்று தர வேண்டும்! முடியாதவர்கள் கடன் தீரும்வரை என் வளையில் மண் தோண்ட வேண்டும்!" என்றது முள்ளம்பன்றி.

வெள்ளச்சி என்ற முயலின் கணவன் சடையன் வாங்கியது நாலே நாலு கிழங்கு. திருப்பித் தர முடியவில்லை. வளைக்குள் போனவன் வெளியே வரவில்லை. அவனோடு இன்னும் பதினோரு முயல்கள் உள்ளே தோண்டிக்கொண்டிருந்தன.

வெள்ளச்சி காட்டுச் சபைக்கு ஓடினாள். சபை உறுப்பினரான புள்ளிமான் அவளுக்காக ஒரு சட்டம் எழுதியது. "வாங்கியதைத் திருப்பினால் போதும். கடனுக்காக யாரையும் அடைத்து வேலை வாங்கக் கூடாது." அவ்வளவுதான் சட்டம்.

"அருமை! அருமை!" என்றது சபைத் தலைவரான கரடி. எல்லா உறுப்பினர்களும் தலையாட்டினார்கள்.

சட்டத்தை நிறைவேற்றக் கூடிய முதல் கூட்டத்தில், முன்வரிசையில் யார் உட்காருவது என்று மயிலும் குரங்கும் சண்டை போட்டன. பொழுது போய்விட்டது. அடுத்த கூட்டத்தில், சட்டத்துக்கு யார் பெயரை வைப்பது என்று சண்டை. மூன்றாவது கூட்டத்துக்குப் புள்ளிமானைத் தவிர யாரும் வரவில்லை. அன்று முள்ளம்பன்றி வீட்டில் விருந்து!

விருந்து முடிந்து வந்த கரடியின் காலில் வெள்ளச்சி விழுந்தாள்.

"ஐயா, வானம் கறுத்துக்கிட்டு வருது! மழை பெஞ்சா வளை இடிஞ்சிடும். இன்னைக்கே முடிவு பண்ணுங்க!"

"அவசரப்படாதே அம்மா! சட்டம் என்றால் நாலும் யோசிக்க வேண்டும். பௌர்ணமி கழியட்டும், பார்ப்போம்."

"அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் உயிரோட இருப்பாரா ஐயா?"

கரடி ஏப்பம் விட்டபடி நடந்தது.

அன்று மாலையே மழை கொட்டியது. வளை அப்படியே உட்கார்ந்துவிட்டது. வெள்ளச்சியும் புள்ளிமானும் நனைந்துகொண்டே சேற்றைத் தோண்டினார்கள். பன்னிரண்டு முயல்களும் உள்ளே இறந்து கிடந்தன.

மறுநாள் சபை கூடியது. உறுப்பினர்கள் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

"இப்போதாவது சட்டத்தை எடுங்கள்!" என்று கத்தியது புள்ளிமான்.

"துக்க நாளில் சட்டம் பேசுவது மரபல்ல! சபை ஒத்திவைக்கப்படுகிறது!" என்றது கரடி.

சபைக்கு வெளியே முள்ளம்பன்றி வெள்ளச்சியை மறித்தது. "உன் புருஷன் கடன் அப்படியே நிற்கிறது. நாளையிலிருந்து நீ வா!"

அவள் அழக்கூட இல்லை. மறுநாள் காலை, புது வளைக்கு மண் தோண்டப் போனாள்.

நல்ல சட்டத்தை எதிர்க்காமலே தள்ளிப்போடுகிறவர்களும் கொடுமைக்குத் துணை போகிறவர்களே.