பொது வழி அல்ல

மாசிலாமணி போதகருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆய்வுப் பட்டம் வாங்கும் ஆசை வந்தது. ஆசை யாரை விட்டது? ஆதிக் கிறிஸ்தவர்கள் யூதரிடமிருந்து எப்போது பிரிந்தார்கள் என்பதுதான் அவர் எடுத்த விஷயம். தாய் வீட்டை விட்டு மகள் போனாள், போனவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று அடித்து எழுதிவிட்டார்.

எழுதி முடித்த பிறகுதான் இந்தக் காலத்து அறிஞர்கள் வேறு சொல்வது கண்ணில் பட்டது. தாயும் மகளும் இல்லையாம், ஒரே வயிற்றுப் பிள்ளைகளாம். பல நூறு வருஷம் இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் போக்குவரத்து இருந்ததாம்.

காகிதக் கட்டோடு இறையியல் கல்லூரிக்கு ஓடினார். அங்கே அவருடைய ஆசிரியர் சற்குணர் ஐயா இருந்தார்.

"ஐயா, இவங்க சொல்றது நிஜம்னா என் பாடெல்லாம் வீண்."

"பிரிஞ்சாச்சுங்கறதுக்கு உம்ம ஆதாரம் என்ன?"

"ஒரு பழைய பேராயரோட பிரசங்கம். யூதரோட ஜெப ஆலயத்துக்குப் போகாதீங்க, அவங்க பண்டிகையில உக்காராதீங்கன்னு சபையாரைத் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். அதுக்கு மேல அப்பீல் ஏது?"

ஐயா செருப்பை மாட்டினார். "வாரும், டீ குடிச்சிட்டு வருவோம்."

கல்லூரியின் பின்சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பலகை: 'இது பொது வழி அல்ல.' மாசிலாமணி அங்கே விடுதிக் காப்பாளராக இருந்தபோது அவரே நின்று எழுத வைத்தது.

ஐயா அந்த இடிசலில் கால் வைத்து வெளியே இறங்கினார். மாசிலாமணியும் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் இறங்கினார். எதிரே வந்த பால்காரர் "தோத்திரம் ஐயா" என்று ஒதுங்கி நின்று, பிறகு அதே வழியாக உள்ளே போனார். பலகைக்குக் கீழே புல் முளைக்காத ஒற்றையடிப் பாதை.

"பலகை எதுக்கு வச்சீர்?"

"சனங்க இந்த வழியா நடந்தாங்க. அதான்."

"வருஷா வருஷம் புதுசா சாயம் அடிச்சீரே, அது எதுக்கு?"

மாசிலாமணி பலகையையும் அதன் கீழிருந்த பாதையையும் திரும்பிப் பார்த்தார்.

டீக்கடையில் ஐயா இரண்டு டீ சொன்னார்.

"இத்தனை வருஷ உழைப்பு ஐயா. இதை நான் என்ன செய்ய?"

ஐயா கிளாஸைக் கீழே வைத்தார்.

"பலகை வச்சவரைக் கேட்டு எழுதிட்டீர். இனி நடந்தவங்களைக் கேட்டு எழுதும்."