மூங்கிலுப்பும் ஆடும் தலைகளும்

ராஜா இருமினால் சபையும் இருமும். மூலக்கரை அரண்மனையில் அப்படி ஒரு மரியாதை. ராஜா ஏதாவது சொன்னால் எல்லாத் தலைகளும் ஆடும். அரண்மனை வைத்தியர் பரஞ்சோதிப் பண்டிதரின் தலை மட்டும் ராஜா வாயைத் திறப்பதற்கு முன்பே ஆடத் தொடங்கிவிடும். பன்னிரண்டு வருஷமாக அதுதான் அவர் பார்த்த வைத்தியம்.

அந்த வருஷம் ராஜா திம்மப்ப நாயக்கருக்கு வந்த இருமல் நிஜமான இருமல். ஒரு மாதமாகியும் நிற்கவில்லை. வைத்தியர் யோசித்துப் பார்த்து, ஓர் உழக்கு மூங்கிலுப்பு வேண்டும் என்றார். மூங்கிலுக்குள் வெள்ளைக் கற்களாக விளைவதுதான் மூங்கிலுப்பு. எந்த மூங்கிலில் இருக்கிறது என்று ராஜா கேட்டார். பிளந்தால்தான் தெரியும், ஆகவே அடிவாரத்து மூங்கில் காடு முழுவதையும் வெட்டிப் பிளந்துவிடலாம் என்றார் வைத்தியர். தலைகள் ஆடின.

ஒரு தலை மட்டும் ஆடவில்லை. அது ஒண்டிமுத்துவின் தலை. சபையில் அவனுக்கு விகடம் பேசுகிற வேலை. அந்தக் காட்டை நம்பி நாற்பது வீட்டார் கூடை முடைந்து பிழைக்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னான். உப்பு உள்ள மூங்கிலை மட்டும் வெட்டினால் போதாதா என்றும் கேட்டான்.

"அப்படியானால் ஒண்டிமுத்துவே வெட்டட்டும் மகாராஜா," என்றார் வைத்தியர். "ஆனால் வெட்டுகிற ஒவ்வொன்றிலும் உப்பு இருக்க வேண்டும்."

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. "மூன்று நாள் தவணை. ஒரு மூங்கில் வெறுமையாக இருந்தாலும் காடும் போச்சு, உன் தலையும் போச்சு," என்றார்.

ஒண்டிமுத்து நேரே அடிவாரத்துக்குப் போனான். செய்தி அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வெள்ளச்சி என்கிற பெண் வீட்டு வாசலில் மூங்கிலைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றதைப் பார்த்தும் தலை நிமிரவில்லை. உப்பு மூங்கில் எங்கே இருக்கும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அதை ஏன் கேக்குறீங்க சாமி? அந்தச் சனியன் எங்களுக்கு ஆகாது. ஒரு வெட்டு வெட்டினா கத்தி வாய் போயிடும். சாணை பிடிச்சே பொழுது போயிடும்."

"வெட்டுவதற்கு முன்பே தெரியுமா தாயி?"

அவள் மோவாயால் தொட்டிலைக் காட்டினாள். உள்ளே அவளுடைய குழந்தை ஒரு மூங்கில் துண்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கிலுகிலு என்று சத்தம் வந்தது.

"புழு துளைச்ச மூங்கில்ல தண்ணி தேங்கும். தேங்கின தண்ணி வத்தி வத்திக் கல்லாப் போகும். உலுக்கினா சத்தம் வரும். சத்தம் வந்தா நாங்க தொடமாட்டோம், அப்படியே விட்டுடுவோம். எங்க மாமனார் காலத்துல விட்டதெல்லாம் இன்னும் நிக்குது."

தலை தப்பும் என்று தெரிந்ததும் ஒண்டிமுத்துவுக்குப் பசி எடுத்தது. நன்றாகவே பசித்தது. அவள் கொடுத்த கூழைக் குடித்துவிட்டுத் திரும்பினான்.

மூன்றாம் நாள் ராஜா பல்லக்கில் வந்தார். சபையும் பின்னாலேயே நடந்து வந்தது. வெள்ளச்சி புதருக்குள் புகுந்து ஒவ்வொரு மூங்கிலாக உலுக்கினாள். ஊமையாக இருந்தவற்றை விட்டாள். கிலுகிலுத்ததைத் தொட்டுக் காட்டினாள். ஒண்டிமுத்து வெட்டினான். முதல் மூங்கிலைப் பிளந்ததும் நீலம் பாய்ந்த வெள்ளைக் கற்கள் கொட்டின. ராஜா ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. உடனே வைத்தியரும் ஒன்றை எடுத்து நாக்கில் ஒட்டிக்கொண்டார்.

இருபத்துமூன்று மூங்கில் வெட்டினார்கள். ஒன்றுகூட வெறுமையில்லை. உழக்கு நிறைந்தது.

இது எப்படி உண்டாகிறது என்று ராஜா கேட்டார். வைத்தியர் நாக்கிலிருந்து கல்லைப் பிடுங்கிவிட்டு, நிலாவின் அமுதம் சொட்டி உறைந்தது, இதில் மண்ணின் சம்பந்தமே இல்லை என்றார். ஒண்டிமுத்து ஒரு கல்லை வெள்ளச்சி வீட்டு அடுப்பு நெருப்பில் போட்டான். அது எரியவில்லை, உருகவும் இல்லை.

"மணல்தான் மகாராஜா," என்றான். "மண்ணில் உள்ளது தண்ணீரில் துளித்துளியாகக் கரைகிறது. மூங்கில் அதைக் குடித்து உள்ளே சேர்க்கிறது. நெல்லும் குடிக்கிறது, உமியில் சேர்க்கிறது. உமியை எரித்தால் அத்தனை சாம்பல் மிஞ்சுவது அதனால்தான். அதோ மலையில் வெள்ளை வெளேரென்று கிடக்கிற வெங்கச்சங்கல்லும் இந்த உப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்."

ராஜா திரும்பினார். "பண்டிதரே, இது மணலா?"

வைத்தியர் தலை ஆடியது.

"அமுதம் என்றீரே?"

அதற்கும் ஆடியது.

ராஜா பெருமூச்சு விட்டார். "சரி, ஒண்டிமுத்து. பிளக்காமலே உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"நான் இல்லை மகாராஜா, இந்தத் தாயி. ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சரக்கு இருந்தால் சத்தம் வரும்."

"இவ்வளவு சுலபமா? இது உமக்குத் தெரியாதா பண்டிதரே?"

வைத்தியர் பழக்கத்தில் பலமாகத் தலையை ஆட்டினார். ஒண்டிமுத்து அவர் அருகே போய், குனிந்து, அவர் தலையோரம் காதை வைத்தான்.

"என்னடா செய்கிறாய்?"

"பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் மகாராஜா. எவ்வளவு ஆடினாலும் ஒரு சத்தமும் வரவில்லை."

ராஜா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பானது. மூங்கில் காடு இனி அந்த நாற்பது வீட்டாருக்கே என்று பட்டயம் எழுதச் சொன்னார். ஒண்டிமுத்துவுக்குத் தன் தோளில் கிடந்த சால்வையைக் கொடுத்தார். அவன் அதைத் தொட்டிலின் மேல் போர்த்திவிட்டு வந்தான்.

"என்ன, நான் சொன்னது சரிதானே?" என்று ராஜா சபையைக் கேட்டார்.

எல்லோரும் சரி என்று வாயால் சொன்னார்கள். ஒரு கழுத்தும் அசையவில்லை.

ராஜா பல்லக்கில் ஏறினார். பாதை மேடும் பள்ளமுமாக இருந்தது. பல்லக்கு குலுங்கியது. நாலு அடி போவதற்குள் ராஜா எட்டிப் பார்த்து, "மெதுவாகப் போங்கடா," என்றார்.

அரண்மனை போய்ச் சேரும்வரை அவர் தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தார்.