காசிக்குக் கிளம்பிய மாப்பிள்ளை

முன்னொரு காலத்தில் கொன்றையூர்ச் சீமையை அடலேறு என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். அந்த மாதத்துப் பைத்தியம் இது: "வாயிலிருந்து விழுந்த வார்த்தை விழுந்தபடியே நடக்க வேண்டும். ஓர் எழுத்துக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது!"

சீமையே வாயைப் பொத்திக்கொண்டது. "பசிக்கிற பசிக்குக் கல்லைத் தின்பேன்" என்று சொல்லித்தொலைத்த மல்லன் ஒருவன், மூன்று நாளாய் ஒரு பாறாங்கல்லைப் பார்த்தபடி அரண்மனை வாசலில் உட்கார்ந்திருந்தான்.

இந்தச் சமயத்தில்தான் சேந்தனுக்கும் நங்கைக்கும் கல்யாணம். அதற்கு முதல் நாள் மத்தியானம் வீட்டில் சோறு தீய்ந்துபோக, சேந்தன் கோபத்தில், "நான் காசிக்குக் கிளம்புகிறேன்!" என்று கத்திவிட்டான். தெருவில் போன வீரசிங்கர் காதில் அது விழுந்தது. அவர் ராஜசபை அதிகாரி. தம் மகனுக்கு நங்கையைக் கேட்டு, கிடைக்காமல் பொருமிக்கொண்டிருந்தவர்.

நேரே சபைக்கு ஓடினார். "மகாராஜா, சேந்தன் காசிக்குக் கிளம்புகிறேன் என்றான். வார்த்தை தவறலாமா?"

"தவறக்கூடாது! கிளம்பட்டும்."

"அவன் திரும்ப ஒரு வருஷம் ஆகுமே. முகூர்த்தத்தை வீணாக்குவானேன்? என் பையன் இருக்கிறான்..."

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா.

நங்கையின் தகப்பனார் அப்பூதி, மந்திரி காரியாரிடம் போய் நின்றார். "பெண் அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள் ஐயா."

"மாப்பிள்ளை சொன்ன வார்த்தை என்ன? அப்படியே சொல்லும்" என்றார் காரியார். கேட்டதும் சிரித்தார். அப்பூதியின் காதில் ஏதோ சொன்னார்.

மறுநாள் காலை ராஜாவும் சபையும் கல்யாணப் பந்தலில் கூடினார்கள். சேந்தன் கையில் குடை, தடி, விசிறியோடு வடக்கே பார்த்து நாலடி நடந்தான். அப்பூதி குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நில்லுங்கள் மாப்பிள்ளை! காசி எங்கே ஓடிவிடப்போகிறது? என் பெண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு பேருமாகப் போகலாம்."

சேந்தன் திரும்பிய வேகத்தில் குடை பந்தல் ஓலையில் மாட்டிக்கொண்டது. ஊரே சிரித்தது.

"தெருவையே தாண்டவில்லையே!" என்று குதித்தார் வீரசிங்கர்.

"மகாராஜா, கிளம்பினாரா இல்லையா?" என்று கேட்டார் காரியார்.

"கிளம்பினான். கண்ணால் பார்த்தேன்."

"கிளம்புகிறேன் என்றுதான் சொன்னார். போகிறேன் என்று சொல்லவில்லை. போகச் சொன்னால் வார்த்தை கூடிப்போகும். தங்கள் சட்டத்துக்கு விரோதம்."

ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தம் மோதிரத்தைக் கழற்றிக் காரியாருக்குப் போட்டார். வீரசிங்கருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இந்தக் கூத்தைப் பார்ப்பதற்குப் பதில் நான் காசிக்கே போகிறேன்!"

பந்தலே வீரசிங்கர் பக்கம் திரும்பியது.

"அடடா, போய் வருகிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்" என்றார் காரியார்.

ராஜா குடையையும் தடியையும் வாங்கி வீரசிங்கர் கையில் கொடுத்தார். மேளம் கொட்டியது, தாலி ஏறியது.

அன்று முதல் அந்தச் சீமையில் மாப்பிள்ளைகள் காசிக்குக் கிளம்புவதும், மாமனார் மறிப்பதும் வழக்கமாகிவிட்டது. கிளம்பிய மாப்பிள்ளைகள் எல்லாரும் நாலாவது அடியிலேயே திரும்பிவிடுகிறார்கள். வீரசிங்கர்தான் இன்னும் வந்தபாடில்லை.